பங்குனியில் கூந்தன்குளம்: போகும் வாத்து, புறவாசலில் குஞ்சு

பங்குனி பிறந்ததும் கூந்தன்குளத்துக்கு வெளியூர் வண்டி வருவது குறைந்துவிடும். மார்கழியிலும் தையிலும் கேமராவும் தொலைநோக்கியுமாக வந்து போனவர்களில் பெரும்பாலோர் வரித்தலை வாத்தைப் பார்க்க வந்தவர்கள். வாத்து கிளம்பிவிட்டால் சீசன் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வீட்டுப் புறவாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் நாரைக் குஞ்சும் கூழைக்கடாக் குஞ்சும் பசியில் கத்திக்கொண்டிருக்கும். குளத்துத் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குஞ்சுகளுக்குக் கஷ்டமான மூன்று மாதம் அப்போதுதான் தொடங்குகிறது.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில், நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். அணுமின் நிலையம் இருப்பது கூடங்குளம், இது கூந்தன்குளம். பெயரைக் குழப்பிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடாமல் இருக்க இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்த 129.33 ஹெக்டேர், அதாவது சுமார் 320 ஏக்கர், 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பலகையும் பட்டியலும் வந்தது இப்போதுதான். பறவை இங்கே கூடு கட்டுவது நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். ஆங்கிலேயர் காலத்து இயற்கைக் குறிப்புகளிலேயே அது பதிவாகியிருக்கிறது.

வேடந்தாங்கலுக்குப் போய் வந்தவர்கள் இங்கே வந்தால் முதலில் திகைப்பார்கள். அங்கே கரையில் நின்று, தண்ணீருக்கு நடுவே இருக்கும் மரங்களைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். இங்கே தெருவில் நடந்தாலே தலைக்கு மேல் கூடு. துவைத்த துணி காயும் கொடிக்கு மேலே, ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும் மரத்தின் கிளையில், ஓட்டுக் கூரையை ஒட்டிய பூவரசில், மஞ்சள் மூக்கு நாரை குடும்பம் நடத்துகிறது. சங்குவளை நாரை என்றும் இதற்குப் பெயர் உண்டு. மூன்றடிக்குக் குறையாத உயரம், மஞ்சள் அலகு, முதுகின் கடைசியில் மருதாணி பூசிய மாதிரி ஓர் இளஞ்சிவப்பு. அதைவிடப் பெரிய உருவம் கூழைக்கடாவுக்கு. அலகுக்குக் கீழே பை தொங்க, ஒரு சின்னப் புளியமரத்தின் உச்சியில் அது வந்து உட்காரும்போது கிளை ஒரு முறை தாழ்ந்து எழும்.

வாசனையையும் சொல்லத்தான் வேண்டும். அழுகிய மீனும் எச்சமும் கலந்த வீச்சம் காலை வெயில் ஏற ஏறக் கூடும். மரத்தடி வெள்ளையடித்த மாதிரி இருக்கும். குஞ்சுக்குக் கொண்டுவந்த மீன் நழுவிக் கீழே விழும். அதற்குப் பூனையும் நாயும் காகமும் காத்திருக்கும். கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி போடாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியாது. இத்தனைக்கும் பிறகு, பறவை வந்தால் மழை உண்டு, வெள்ளாமை உண்டு, வராத வருடம் ஊருக்கு ஆகாத வருடம் என்பதுதான் பொதுப் பேச்சு. பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இது.

அந்த நம்பிக்கையில் விஷயம் இருக்கிறது. குளம் நிரம்பினால்தான் பறவை வரும். குளம் நிரம்பினால்தான் பிசான நெல்லும் விளையும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர். காரணத்தையும் விளைவையும் முன்பின்னாக மாற்றிச் சொன்னாலும், இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதை ஊர் சரியாகவே கண்டுவைத்திருக்கிறது.

போவது யார், இருப்பது யார்?

வெளிநாட்டுப் பறவை வந்து நம் ஊரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சோடு திரும்பிப் போகிறது என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கலாம். கூந்தன்குளத்துப் புறவாசலில் பங்குனி மாதம் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் அது தவறு என்று தெரிந்துவிடும். வடக்கே இருந்து வந்தவை எவையும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை பனிக்குத் தப்பி வந்து, தின்று, உடம்பு தேறி, பங்குனியில் சொந்த இடத்துக்குப் போய்த்தான் முட்டையிடும். கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், துடுப்புவாயன், வக்கா எல்லாம் இந்த நாட்டுக்காரர்கள். மழையையும் குளத்தையும் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறவை. ஆக, பங்குனியில் ஒரே குளத்தில் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு கூட்டம் மூட்டை கட்டுகிறது. இன்னொரு கூட்டத்துக்குப் பிள்ளை வளர்ப்பு உச்சத்தில் இருக்கிறது.

மூட்டை கட்டும் கூட்டத்தில் வரித்தலை வாத்துதான் பெரிய பயணி. வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. பகலில் குளத்தில் கூட்டமாக இளைப்பாறும். மாலையிலும் இரவிலும் வெளியே போய்ப் புல்லை மேயும். அறுத்த வயலில் சிந்திய நெல்மணியைப் பொறுக்கும். கிடைத்தால் பச்சைப் பயிரிலும் வாய் வைக்கும். அவை முட்டையிடுவது லடாக், திபெத், மங்கோலியா பக்கத்து உயர்ந்த ஏரிகளின் ஓரத்தில். கூந்தன்குளத்திலிருந்து லடாக்கின் மொரிரி ஏரிக்கு நேர்கோட்டில் பார்த்தாலே ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிடப்பட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இடையில் இமயமலை. இந்த வாத்து பருந்து போல இறக்கையை விரித்து மிதக்காது. வழி முழுக்க இறக்கையை அடித்தே போக வேண்டும். செயற்கைக்கோள் கருவி கட்டிப் பார்த்ததில், மலையடிவாரத்திலிருந்து ஏழெட்டு மணி நேரத்தில் மறுபக்கத்துக்கு ஏறிவிடுகிறது என்று தெரிந்தது. ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பதிவானது. பெரும்பாலும் அது அவ்வளவு உயரம் போவதில்லை; பள்ளத்தாக்கு வழியாக, முடிந்த அளவு தாழ்வாகத்தான் போகிறது. இரவிலும் விடியற்காலையிலும் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்கும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் ரத்தம் மற்ற வாத்துகளின் ரத்தத்தைவிட எளிதாகப் பிராண வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நாங்குநேரி வட்டத்து வயலில் பொறுக்கிய நெல்லும் புல்லும் கொழுப்பாக மாறி அந்தப் பயணத்துக்கு எரிபொருளாகிறது.

கிளம்பும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில நாள் முன்பிருந்தே கூட்டத்தில் ஓர் இருப்புக்கொள்ளாமை தெரியும். எழும்பி வட்டமடித்து மறுபடி இறங்கும், சத்தம் அதிகமாகும். ஒரு நாள் காலையில் தண்ணீர் வெறிச்சென்று இருக்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் அதேபோல் அணி அணியாகக் குறையும்.

சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரைப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அலகைப் பனங்கிழங்குக்கு ஒப்பிட்டதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம். அந்த நாரை தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புகிற நாரை என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. குளிரில் நடுங்கிய புலவர் தூது சொல்லி அனுப்பியது, திரும்பு வலசையில் இருக்கும் பறவையிடம்.

உங்கள் கொல்லையிலும் நடக்கிறது

வரித்தலை வாத்தைப் பார்க்கப் பெரிய குளம் வேண்டும். மற்ற பயணிகளைப் பார்க்க அவரவர் கொல்லையே போதும். கூந்தன்குளத்துத் தெருவிலும் தமிழ்நாட்டின் வேறு எந்தக் கிராமத்திலும் பங்குனி, சித்திரையில் கண்ணில் படுபவை சில உண்டு.

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்கள் நாள் ஆக ஆக எண்ணிக்கையில் குறையும். வரப்பில் வாலை ஆட்டி நடக்கும் மஞ்சள் வாலாட்டி, வந்தபோது அழுக்கு மஞ்சளாக இருந்தது. போகும் முன் இறகு மாற்றி, புதுத்துணி உடுத்திய மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். வேலியோர முள்ளில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடித்த பழுப்புக் கீச்சான் ஒரு வாரம் கண்ணில் படாவிட்டால் அது புறப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு, மாலை ஆறு என்று மணி அடித்த மாதிரி இரண்டு சுருதியில் விசிலடிக்கும் ஆறுமணிக்குருவி, மாந்தோப்பின் சருகுக்குள் இரை தேடிக்கொண்டிருந்தது, சித்திரைக்குள் வட இந்தியக் காடுகளை நோக்கிக் கிளம்பிவிடும். மாங்குயிலும் தோப்புகளை விட்டு வடக்கே போகும்.

விவசாயிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சோளப்பட்சி என்றும் கிராமத்தில் சொல்வார்கள். மைனா அளவுதான். தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு ரோஜா நிறம். தென் மாவட்டங்களில் இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து, மாலையில் அடையப் போகும் முன் வானத்தில் புகைபோலச் சுருண்டு விரிவதைப் பார்க்கலாம். மார்கழியில் பார்த்தால் நிறம் மங்கலாக இருக்கும். அது அழுக்கு இல்லை. புது இறகின் நுனியில் இருக்கும் வெளிர்ப்பழுப்பு விளிம்பு. மாதம் செல்லச் செல்ல அந்த விளிம்பு தேய்ந்து, அடியில் இருக்கும் ரோஜா நிறமும் கறுப்பு மினுமினுப்பும் வெளிவரும். சூறைக்குருவி நன்றாகச் சிவந்துவிட்டதென்றால் அது ஊருக்குப் புறப்படத் தயார்.

கம்பு, சோளத்தில் இதனால் நஷ்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் தகரம் தட்டிக்கொண்டு நிற்பது தவிர வழியில்லை. ஆனால் இது மத்திய ஆசியாவுக்குத் திரும்பிப் போய்க் குஞ்சு வளர்ப்பது முழுக்க வெட்டுக்கிளியை நம்பித்தான். வெட்டுக்கிளி மிகுந்த இடமாகப் பார்த்துக் கூட்டமாகக் கூடு கட்டும். சீனாவின் மேற்குப் பகுதியான சின்ஜியாங்கில், மேய்ச்சல் நிலத்தை வெட்டுக்கிளி அழிக்காமல் இருக்க, இந்தக் குருவி கூடு கட்டுவதற்கென்றே கல்லைக் குவித்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் கதிர் இல்லாத நாளில் இது தின்பது புழு, பூச்சி, ஆலம்பழம், அரசம்பழம். போனவை ஆடி, ஆவணியிலேயே திரும்பி வரத் தொடங்கிவிடும். வெளியே இருப்பது மூன்று நான்கு மாதம்தான். இதை விருந்தாளி என்பதா, வீட்டுக்காரர் என்பதா என்று தெரியவில்லை.

கடைசி முழங்கால் தண்ணீர்

மறுபடியும் கூந்தன்குளத்துப் புறவாசலுக்கு வருவோம். மஞ்சள் மூக்கு நாரை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் அலகைப் பாதி திறந்தபடி அமிழ்த்தி, அங்குமிங்கும் அசைத்துக்கொண்டே நடக்கும். மீன் வந்து அலகில் உரசிய நொடியில் வாய் மூடிக்கொள்ளும். இந்த முறைக்கு மீன் நெருக்கமாக இருக்க வேண்டும். குளம் நிறைந்திருக்கும் கார்த்திகையில் மீன் பரவிக் கிடக்கும். தண்ணீர் வற்ற வற்ற அது பள்ளங்களில் திரளும். குஞ்சின் பசி உச்சத்துக்கு வரும் நேரமும் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் நேரமும் ஒன்றாக அமைகிற மாதிரித்தான் நாரை முட்டையிடுகிறது. பயிருக்கு வற்றும் தண்ணீர் அதற்கு வரமாக இருக்கிறது.

வற்றுவது வேறு, வறண்டுபோவது வேறு. முட்டை பொரிய ஒரு மாதம். பிறகு நாரைக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இரண்டு மாதம். கூழைக்கடாக் குஞ்சுக்கு மூன்று மாதத்துக்கு மேல். தை மாதம் முட்டை வைத்தால் வைகாசி, ஆனி வரை குளத்தில் ஏதோ ஒரு மூலையிலாவது தண்ணீர் நிற்க வேண்டும். இந்தக் குளங்களுக்கு மழைத் தண்ணீரோடு மணிமுத்தாறு அணைக் கால்வாய்த் தண்ணீரும் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருடம் அணையில் இருப்பும் குறையும். கால்வாயில் முறை வைத்து விடும்போது கடைசியில் இருக்கும் குளங்களுக்கு என்ன வந்து சேரும் என்பது பாசன விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதிரி வருடத்தில் பறவை வருவதே குறையும். அதைவிட மோசம், நன்றாகத் தொடங்கிப் பாதியில் ஏமாறும் வருடம். கூடு கட்டி முட்டை பொரித்த பிறகு தண்ணீர் போனால், தாய்ப்பறவை இன்னும் தூரம் போய் இரை தேட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை வந்த இரை இரண்டு முறையாகும். மூன்று குஞ்சில் பலமானது தின்னும். மற்றவை மெலிந்து கூட்டிலேயே சாகும், அல்லது தள்ளுமுள்ளில் கீழே விழும்.

சித்திரை வெயிலில் கூட்டைக் கவனித்தால் தாய்ப்பறவை படும் பாடு தெரியும். வெயில் விழும் பக்கமாக நின்று, இரண்டு இறக்கையையும் விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். இணை தொண்டையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேலும் வாயிலும் விடும். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகைத் தட்டித்தான் பேசும். தெருவெல்லாம் கேட்கும் அந்தக் கத்தல் குஞ்சுகளுடையது. கூழைக்கடாக் குஞ்சோ தாயின் தொண்டைக்குள் தலையையே விட்டு மீனை எடுக்கும். சில நேரம் இரை கேட்டு இறக்கையை அடித்து, வலிப்பு வந்த மாதிரி சுருண்டு விழும். முதல் முறை பார்ப்பவர்கள் குஞ்சு செத்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

கீழே விழும் குஞ்சுகளை எடுத்து, தனி அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடும் வேலை இங்கே நெடுநாளாக நடக்கிறது. பறவை மனிதர் என்று பத்திரிகைகள் எழுதிய பால்பாண்டி பல வருடம் இதையே வாழ்க்கையாகச் செய்தவர். அவரைப் போன்றவர்கள் இருந்ததால் பிழைத்த குஞ்சுகள் உண்டு. ஆனால் பத்துக் குஞ்சுக்கு மீன் வாங்கிப் போடலாம். ஊர் முழுக்க இருக்கும் கூடுகளுக்குக் குளம்தான் மீன் போட வேண்டும்.

இங்கேதான் மற்ற குளங்களின் சங்கதி வருகிறது. சரணாலயத்துக் குளம் மட்டும் இவ்வளவு பறவைக்குச் சோறு போடாது. நாரையும் கூழைக்கடாவும் விஜயநாராயணம் பெரியகுளம் உட்பட சுற்று வட்டாரக் குளங்களுக்கெல்லாம் போய் இரை எடுக்கின்றன. அந்தக் குளங்கள் பலவற்றில் மீன்பாசி குத்தகை உண்டு. தண்ணீர் இறங்கும் பங்குனி, சித்திரையில்தான் குத்தகைதாரரும் வலை இழுப்பார். பணம் கட்டியவர் மீன் பிடிப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. கடைசிப் பள்ளத்துத் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றில் கிடக்கும் பொடி மீன்வரை அள்ளுவதுதான் கேள்விக்குரியது. அந்தப் பொடி மீன் சந்தையில் அதிக விலை போகாது. நாரைக் குஞ்சுக்கு அதுதான் சரியான அளவு. அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவைத்தால் ஆடு மாட்டுக்கும் சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இருக்கும். குத்தகை ஏலத்தின்போதே இதை ஒரு நிபந்தனையாகப் பேசிக்கொள்வது ஊர்க் கூட்டத்தால் முடிகிற காரியம்.

2011 முதல் ஒவ்வொரு வருடமும் தை மாத வாக்கில் தாமிரபரணி பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அது குளிர்காலக் கணக்கு. சித்திரையில் எத்தனை கூட்டில் எத்தனை குஞ்சு மிஞ்சியது என்பதைப் பார்க்க, மரத்தடியிலேயே குடியிருப்பவர்களைவிடத் தோதானவர் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு நோட்டில் தங்கள் வீட்டு மரத்துக் கூடுகளை வாரம் ஒரு முறை எண்ணி எழுதினாலே நாலைந்து வருடத்தில் பெரிய தகவல் சேர்ந்துவிடும்.

எச்சமும் மரமும்

நாரை நெல்லைத் தின்னுமா என்பது விவசாயிகளிடம் எப்போதும் இருக்கும் கேள்வி. தின்னாது. நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மீன்தான் சாப்பாடு. அரிவாள் மூக்கனும் உண்ணிக்கொக்கும் உழவு ஓட்டும்போது பின்னாலேயே வந்து புழு பொறுக்கும். புதிதாக நட்ட நாற்றில் அரிவாள் மூக்கன் கூட்டமாக நடந்தால் கொஞ்சம் மிதிபடும், அவ்வளவுதான். நெல்லில் வாய் வைப்பது வாத்துகளும் நீலத்தாழைக்கோழியும்.

எச்சத்தின் கணக்கு வேறு. மீன் தின்னும் பறவையின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. மரத்தடியில் கூட்டிய குப்பையைக் கூந்தன்குளத்துக்காரர்கள் வயலுக்கு எடுத்துப் போகிறார்கள். எச்சம் கலந்த குளத்துக் கரம்பை மண்ணுக்கும் மதிப்பு உண்டு. வேடந்தாங்கல் விவசாயிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் போய், பறவைகளைச் சுடாமல் பாதுகாக்கும் உரிமை வாங்கியதற்கும் இந்த உரத் தண்ணீர்தான் காரணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பச்சை எச்சத்தை நேரே செடிக்குப் போட்டால் வேர் கருகும். காய்ந்த இலை, கரம்பை மண் கலந்து, இரண்டு மூன்று மாதம் குவித்து மட்கவிட்டுப் போடுவது பாதுகாப்பு. அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். செத்த பறவையை வெறுங்கையால் தொடக் கூடாது. ஒரே நேரத்தில் நாலைந்து செத்துக் கிடந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ உடனே சொல்ல வேண்டும்.

இந்த எச்சமே மரத்துக்கு எமன் ஆவதும் உண்டு. வருடக்கணக்கில் இலையில் படிந்தால் இலை கருகும்; மரத்தடி மண்ணில் உப்பு ஏறும்; கிளை ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். நாரைக் கூடு அதிகம் இருக்கும் மரத்தைப் பார்த்தால் உச்சி மொட்டையாக இருக்கும். சரணாலயமாக அறிவிக்கப்பட்டது குளம். ஊருக்குள் இருக்கும் வேம்பும் புளியும் அந்தந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம். வீட்டை இடித்துக் காங்கிரீட் போடும்போது மரம் குறுக்கே நின்றால் என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அவர்தான். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து கொக்கரே பெள்ளூரிலும் இதே நாரை, இதே கூழைக்கடா, ஊருக்குள் இருக்கும் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும்போது புளி உலுக்க முடியாது என்பதால், அந்த வருமான இழப்புக்கு மரத்துக்காரர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. புறவாசல் மரத்தை நம்பியிருக்கும் எந்த ஊருக்கும் அது நல்ல முன்மாதிரி.

குளத்துக்குள் நாட்டுக்கருவேல மரங்களிலும் பறவை கூடு கட்டுகிறது. வீட்டுப்பக்கம் என்றால் வேம்பு, புளி, பூவரசு, அரசு. இவை நாரையின் பாரத்தைத் தாங்கும் மரமாகப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும். பட்டுப்போன பிறகு கன்று வைத்தால் இடையில் பத்து வருடம் பறவைக்கு இடமில்லை.

பார்க்கப் போகிறவர்கள் மார்கழி, தையில் போனால் வாத்துக் கூட்டம் கிடைக்கும். குஞ்சுகளைப் பார்க்க மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை சரியான காலம். விடியற்காலை ஆறு மணிக்கே தெருவில் இருக்க வேண்டும். மாலையில் நான்கரைக்குப் பிறகு. வெள்ளை, சிவப்பு உடுப்பைத் தவிர்த்து மங்கலான நிறம் உடுத்துவது நல்லது. மரத்தடியில் நிற்பது ஒருவர் வீட்டுப் புறவாசல் என்பதால் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தலைக்கு ஒரு துண்டு அவசியம், காரணம் சொல்லத் தேவையில்லை. படம் எடுக்க மரத்தைத் தட்டுவதும் கல்லெறிவதும் கூடாது. பயந்து எழும்பும் தாய் திரும்பி வருவதற்குள் காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும்.

ஆடி பிறக்கும்போது பெரும்பாலான கூடுகள் காலியாகிவிடும். பட்ட கிளையை ஒதுக்குவதும், மரத்தடி மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுவதும் அப்போது செய்ய வேண்டியவை. கன்று வைக்கப் புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்துத் தயாராக வைத்திருந்தால், ஐப்பசி மழையில் அது வேர் பிடித்துக்கொள்ளும்.